ஆசை நகர்ந்த பின்

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் சீமையில் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாய்க் கன்னி நாயை இன்றும் காணலாம். முயலை விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக மனிதர் வளர்த்தெடுத்த உடல் அது. அந்த வேகம் அது கேட்டு வாங்கியதல்ல. நாம் ஆசைப்பட்டோம், அது ஓடியது. இன்னும் ஆசைப்பட்டோம், இன்னும் விரைந்து ஓடியது.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் முயல் வேட்டையைக் குற்றமாக்கின. நியாயம்தான், முயலும் ஓர் உயிரல்லவா? வேட்டை ஒடுங்க, ஆசை லாப்ரடார் பக்கம் போயிற்று. போக இடமில்லாமல் நின்றது கன்னிதான்.

மனம் நகரும். நகர்வது அதன் இயல்பு. அதற்காக நம்மை நாமே கடிந்துகொள்ள வேண்டாம். நாய் குட்டியாய் மடியில் கிடந்தபோது பொங்கிய ஆசை, அது கண் மங்கி, ரோமம் உதிர்ந்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவேண்டிய நாளில் இருப்பதில்லை. ஒரு நாள் வண்டியில் ஏற்றி, நாற்கரச் சாலையோரம் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்களும் நம்மில் உண்டு. நமக்கு முடிந்துபோன உறவு அதற்கு முடிவதில்லை.

பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது!

அமைதியைத் தேடி அதே எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியில் கண்மூடி அமர்கிறோம். ஆசை அடங்கினால் அமைதி என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆசை விட்டுப்போன இடத்தில் எஞ்சி நிற்கும் உயிரை என்ன செய்தோம் என்று நம்மை நாம் கேட்டுக்கொண்டதுண்டா? ஆசை இல்லாமலும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கலாம். ஆசை இல்லாமலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நாளும் வைக்க, நாளும் கூப்பிட, அலைகிற மனம் ஓரிடத்தில் நிற்கப் பழகுகிறது. அந்த நிலைபேறு தொலைவில் இல்லை; கிண்ணத்தை நிரப்பக் குனியும் நேரத்திலேயே அது நமக்குக் கிட்டுகிறது.

நாயை விட்டுவிட்டு வரச் சொன்னபோது சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். அவர் வாங்கி வளர்த்த நாயல்ல அது. தானாகப் பின்னால் வந்தது. நம்மிடம் இருப்பதோ நாமே கேட்டு வாங்கி, பெயர் வைத்தது. உண்மையிலேயே வைத்துக்கொள்ள இயலாத நிலையும் வரலாம். அப்போது அதை விரும்பி ஏற்கும் இன்னொரு வீட்டைத் தேடுவோம். ஒரு வாரமாகலாம், ஆறு மாதமாகலாம். கிடைக்கும்வரை சோறு நம் வீட்டில்தான்.