கடன்பட்டவர் தீர்ப்புச் சொல்லலாமா?

கூட்டு வியாபாரம் பிரிகிறது. பங்காளிகள் இருவரும் கோர்ட்டுப் படி ஏற விரும்பாமல், ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவராக வைத்துக்கொள்கிறார்கள். பேரேடுகள் அவர் முன்னிலையில் விரிக்கப்படுகின்றன. பாதி விசாரணையில் ஒரு பங்காளிக்கு ஒரு சேதி எட்டுகிறது. பெரியவர் சங்கத் தேர்தலில் நின்றபோது செலவில் பெரும்பகுதியைத் தாங்கியவர் மற்றப் பங்காளியாம்! அவர் கைமாறு எதுவும் கேட்கவில்லை. பெரியவரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பெரியவர் தொழுகையாளி, பொய் பேசாதவர். தீர்ப்பு நியாயமாகவே இருக்கக்கூடும். ஆயினும் தோற்றவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவாரா?

இதே கேள்வி அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனது உண்டு. வழக்காடியவர்கள் நம்மைப் போலவே வியாபாரிகள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

ஹியூ கேப்பர்ட்டன் என்பவர் சிறிய அளவில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் நடத்திவந்தார். மாஸி என்பது பெரிய நிலக்கரிக் கம்பெனி. கேப்பர்ட்டனிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியை மாஸி விலைக்கு வாங்கியது. பிறகு அவருடைய கொள்முதல் ஒப்பந்தம் முறிந்தது. அவர் திவாலானார். மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் வழக்குத் தொடுத்தார். 2002-ஆம் ஆண்டில் ஜூரிகள் மாஸி 5 கோடி டாலர் நஷ்டஈடு தரவேண்டுமென்று தீர்ப்பளித்தார்கள்.

மாஸி அப்பீல் செய்யப்போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த மாகாணத்திலோ அப்பீல் நீதிபதிகளை ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004-இல் தேர்தல் வந்தது. மாஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பிரெண்ட் பெஞ்சமின் என்ற வக்கீலை ஆதரித்து ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவழித்தார். வேட்பாளருக்கு நேராகக் கொடுக்கச் சட்டம் அனுமதித்தது 1,000 டாலர்தான். அதைச் சரியாகக் கொடுத்தார். ஏனைய பணமெல்லாம் வெளியமைப்பு ஒன்றின் வழியாகவும் தாமே செய்த பிரசாரத்தின் வழியாகவும் போயிற்று. பெஞ்சமினை ஆதரித்த மற்ற எல்லோரும் சேர்ந்து செலவழித்ததைவிட இது அதிகம். பெஞ்சமின் ஜெயித்தார். 2007-இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் ஜூரிகளின் தீர்ப்பு தள்ளப்பட்டது. அந்த மூவரில் ஒருவர் பெஞ்சமின்.

தாங்கள் விலகிக்கொள்ள வேண்டுமென்று கேப்பர்ட்டன் தரப்பு அவரிடம் முறையிடாமல் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் மனம் சுத்தமாக இருக்கிறது என்ற பாவனையில் அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது பொய் என்று நாம் சொல்லமாட்டோம். வேறு வழக்குகளில் மாஸிக்கு எதிராகவும் அவர் வோட்டுப் போட்டிருக்கிறார். நம்முடைய சங்கடம் வேறு. நம் கடைத் தராசை நாமே பார்த்து, சரியாக இருக்கிறது என்று நாமே முத்திரை குத்திக்கொள்ள முடியுமா? நாம் எவ்வளவு நாணயமானவர்களாக இருந்தாலும், முத்திரை வெளியாள் கையில்தான் இருக்கிறது. அதனால் நம்மை யாரும் திருடன் என்று சொல்லிவிட்டதாக நாம் கோபிப்பதில்லை. அரிசி நிறுக்கிறவனுக்கு உள்ள இந்த ஏற்பாடு, நீதி நிறுக்கிறவருக்கு மட்டும் வேண்டாமா?

2009 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்று சொல்லிற்று. அவர் உண்மையில் பாரபட்சம் காட்டினார் என்று அது தீர்மானிக்கவில்லை. மனித இயல்பை வைத்துப் பார்க்கும்போது அபாயம் மிகப் பெரிது, அதுவே போதும் என்றது. மாறுபட்ட பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் 40 கேள்விகளை அடுக்கினார். எவ்வளவு பணம் என்றால் அதிகம்? நன்றிக்கடன் எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும்? இவை வீம்புக் கேள்விகள் அல்ல. எல்லைக்கோடு இன்ன இடத்தில்தான் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்திக்கும் இரவுக்கும் இடையே கோடு போட முடியாது என்பதற்காக, நடுநிசியில் விளக்கேற்றாமல் யாரும் கடை நடத்துவதில்லை.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வழக்கு மாகாணத்துக்குத் திரும்பிற்று. பெஞ்சமின் இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் விசாரித்தார்கள். கேப்பர்ட்டன் மறுபடியும் தோற்றார்! இந்த முறை நால்வருக்கு ஒருவர். அப்படியானால் இத்தனை அமளி எதற்கு என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கு இந்த முடிவுதான் விஷயத்தையே விளங்கவைக்கிறது. முதல் தோல்வியில் அவர் எதிராளியின் பணத்தையும் பார்த்தார். இரண்டாவது தோல்வியில் சட்டத்தை மட்டும் பார்த்தார். நஷ்டம் ஒன்றுதான். வியாபாரத்தில் நொடித்துப்போனவனுக்கும் கொள்ளை கொடுத்தவனுக்கும் நஷ்டம் ஒன்றாக இருக்கலாம். மனசு ஒன்றாக இருக்குமா?

இதுவரை வாங்கியவரைப் பற்றியே பேசினோம். கொடுத்தவர் வியாபாரி, நாமும் வியாபாரிகள். ஜகாத் வசூலித்து வந்த ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துவைத்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை வாங்குகிறவர் மட்டுமா கேட்டுக்கொள்ள வேண்டும்? பெருநாளுக்குப் பலகாரக் கூடை அனுப்பும்போது, லைசென்ஸ் ஆபீஸில் இருப்பவருக்குப் போகும் கூடை ஏன் பெரிதாக இருக்கிறது? அவர் வேறு இலாகாவுக்கு மாறியபின் கூடை ஏன் நின்றுபோகிறது? நாங்களும் அப்படி அனுப்பியிருக்கிறோம், நின்றுபோனதும் உண்டு.

சீர்திருத்தங்கள் வராமல் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் 2010-இல் ஒரு புதுத் திட்டம் போட்டார்கள். நீதிபதி வேட்பாளர் பணக்காரரிடம் கையேந்தாமல் அரசாங்கப் பணத்திலேயே தேர்தலில் நிற்கலாம். 2012-இல் அப்படி நின்று ஜெயித்தவர் ஆலன் லாவ்ரி. மாகாண அரசியல் ஊழலைக் கண்டித்துப் புத்தகமே எழுதியவர். பிரதம நீதிபதியாகவும் உயர்ந்தார். அவருடைய ஆபீஸ் அறைக்கு 32,000 டாலரில் சோபா வந்தது! அரசாங்கக் காரையும் பெட்ரோல் அட்டையையும் சொந்தக் காரியத்துக்கு உபயோகித்த குற்றம் முதலியவற்றுக்காக 2018-இல் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டு, ஜெயிலுக்குப் போனார். இதைக் காட்டித் திட்டமே வீண் என்பவர்களோடு நாங்கள் சேரமாட்டோம். ஒரு கதவைப் பூட்டினால் அந்தக் கதவு பூட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

வேறு கதவுகள் அகலத் திறந்ததும் உண்டு. 2010 ஜனவரியில் அதே சுப்ரீம் கோர்ட்டு, தேர்தலில் கம்பெனிகள் தனித்து நின்று எவ்வளவும் செலவழிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பெஞ்சமின் வழக்கில் தீர்ப்பெழுதிய கென்னடியே இதையும் எழுதினார். 2023-இல், செல்வந்தர் செலவில் நீதிபதிகள் உல்லாசப் பிரயாணம் போன சேதிகள் வெளிவந்து அமளியானபின், அந்தக் கோர்ட்டு முதன்முதலாகத் தனக்கென்று நடத்தை விதிகளை எழுதி வெளியிட்டது. விதியை மீறினால் விசாரிப்பது யார் என்று அதில் இல்லை. விலகுவதா வேண்டாமா என்பதை அந்தந்த நீதிபதியே தீர்மானித்துக்கொள்வார். தராசுக்காரர் கையிலேயே முத்திரை!

நம் ஊர்ப் பெரியவரிடம் திரும்பி வருவோம். பேரேட்டைத் திறக்குமுன், இன்னார் என் தேர்தலுக்கு இவ்வளவு கொடுத்தார், இருவருக்கும் சம்மதமானால் இருக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அவர் மறந்தே இருக்கட்டும். ஆனால் பணம் கொடுத்தவர் மறந்திருக்க முடியாதே! எதிரே இருந்தவர் நம்பிக்கையோடு தம் கணக்குப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாரே, அதற்கு என்ன பெயர்?