குளிராத ஏசியும் காரணம் பற்றிய கேள்வியும்

வீட்டு ஏசி அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடும் இயந்திரம். மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றும் குளிர்பொருளை எல்லோரும் கேஸ் என்கிறார்கள். அது அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்குகிறது. கம்ப்ரசர் அழுத்தியதும் வெளி யூனிட்டில் திரவமாகி, வாங்கிய வெப்பத்தை அங்கே விடுகிறது. கம்ப்ரசர் இழுத்த மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே அறையிலிருந்து எடுத்ததைவிட வெளியே கொட்டுவது எப்போதும் அதிகம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் கண்டிக்கு இந்த இயந்திரம் தாமதமாகத்தான் வந்தது. ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் கொங்கிரீட் தட்டு வந்ததும், மார்ச், ஏப்ரல் பிற்பகல்களின் புழுக்கமும் அதற்கு வழி திறந்தன. அது குளிராமல் போனால் நகரத்துக் கட்டுக்கலையிலும் பக்கத்துப் பேராதனையிலும் முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: கேஸ் முடிந்துவிட்டது.

இந்தப் பேச்சுக்குள் காரணம் பற்றிய ஒரு கொள்கை இருக்கிறது. உள்ள பொருள் பாவிக்கப் பாவிக்க இல்லாமல் போய்விடும் என்பதே அது. சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதமும், அதன் வழிநூலான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் சற்காரியவாதத்தின் மேல் நிற்பவை. இல்லாதது தோன்றுவதில்லை, உள்ளது அடியோடு அழிவதுமில்லை. தோற்றம் என்பது வெளிப்படுதல், அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குதல். மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உலகம் தோன்றி அதிலேயே ஒடுங்குவதை விளக்க எழுந்த இந்த வாதம், ஏசியின் செப்புக் குழாய்க்கு அப்படியே பொருந்துகிறது. கேஸ் எரிபொருள் அல்ல, ஓட்டத்தில் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது.

கசிந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் சேரும் திருகு மூட்டில், கேஸோடு சுற்றும் எண்ணெய் கசிந்து தூசியோடு ஒட்டிக் கறுப்புப் படலமாக நிற்கும். அதன்மேல் சவர்க்கார நுரையைத் தடவினால் சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இதைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போவது, காரணத்தை விட்டுக் காரியத்தைப் பிடிக்கும் வேலை. சில மாதங்களில் அதே ஏசி மறுபடியும் குளிராது.

ஆனால் குளிராத ஏசி எல்லாவற்றிலும் கசிவு இருப்பதில்லை. இங்கே பௌத்தத்தின் பார்வை கைகொடுக்கிறது. ஒரு விளைவுக்கு ஒற்றைக் காரணத்தைத் தேடுவதையே அது கேள்விக்குள்ளாக்குகிறது. பல சார்புகள் கூடும்போது விளைவு எழும். அவற்றில் ஒன்று விலகினாலும் விளைவு நிற்கும். தமிழில் மணிமேகலைக் காப்பியம், ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரு நிதானங்களாக இதைச் சொல்கிறது. தேரவாத அபிதம்மத்தின் பட்டானம் என்ற நூல் சார்புகளை 24 வகையாகப் பிரிக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க 1963இல் ஆதிபௌத்தத்தின் அறிவுக் கோட்பாடு பற்றி எழுதிய நூல், இந்தச் சிந்தனையை அக்கால இந்திய வாதங்களின் நடுவே வைத்துப் பார்க்கிறது. புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகை இருக்கும் நகரத்தில் இது ஏட்டோடு நிற்கும் தத்துவமும் அல்ல.

அதுபோலவே ஏசியில் குளிர் என்ற ஒன்று எந்தத் தனி உறுப்பிலும் இல்லை; பல சார்புகள் கூடித்தான் அது எழுகிறது. உள் யூனிட்டின் வடிகட்டி தூசியால் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து சுருளில் பனி படியும். பனி படிந்தால் காற்று இன்னும் குறையும். கண்டியின் பள்ளத்தில் தேங்கும் வாகனப் புகையும் வீதித் தூசியும் வெளி யூனிட்டின் தகடுகளில் அடைந்தால், வெப்பம் வெளியேற வழியிருக்காது. மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் தளர்ந்தால் விசிறியோ கம்ப்ரசரோ சரியாகக் கிளம்பாது. மின்னழுத்தம் தாழ்ந்தாலும் அதே கதை. ஆகவே வடிகட்டியைக் கழுவிப் பார்க்காமல் கேஸுக்குக் காசு கொடுப்பது வீண்.

சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் எடுத்து மறுக்கிறது. கணந்தோறும் எல்லாம் மாறுமானால் வினை செய்தவன் யார், பயனை நுகர்பவன் யார் என்பது அதன் வலுவான கேள்விகளில் ஒன்று. கசிந்த கேஸ் அந்தக் கேள்விக்கு வேறொரு முகம் கொடுக்கிறது. ஏசிகளில் நிரப்பப்படும் கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்-410ஏ ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,088 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32க்கு அந்த எண் 675. பழைய ஆர்-22, ஓசோன் படலத்தையும் அரிப்பதால் 1987இன் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்த வினையின் பயன் செய்தவரின் கணக்கில் மட்டும் ஏறுவதில்லை. ஏசியே இல்லாத, தோட்டத்துத் தகரக் கூரை லயன் அறையில் இருப்பவர் மீதும், இன்னும் பிறக்காதவர் மீதும் விழுகிறது. அவர் படுவது அவருடைய முன்வினை என்று விலகிக்கொள்வது, வினைக் கோட்பாட்டையே தவறாகப் பயன்படுத்துவது.

வினை என்பது எண்ணமே என்று பௌத்தம் சொல்வதால், கேடு நினைக்காத வீட்டுக்காரர் தப்பிவிடலாம் என்று தோன்றும். அதே பௌத்தம் கவனக்குறைவைக் கண்டிக்கவும் செய்கிறது. கசிவு இருப்பதை அறிந்தபின் மீண்டும் மீண்டும் நிரப்புபவருக்கு அறியாமை என்ற அடைக்கலம் கிடைக்காது.

வெப்பத்திலிருந்து தப்ப விரும்புவது பேராசையா என்ற கேள்விக்கு மறுமொழி எளிது. பிக்குகள் உறைவிடத்தைப் பற்றிச் சிந்திக்கும் பாடமே, அது குளிர், வெப்பம், கொசு, காற்று, வெயில் ஆகியவற்றைத் தடுப்பதற்கென்று சொல்கிறது. முதியவரும் நோயாளியும் இருக்கும் அறையைக் குளிர்விப்பது தேவை. 26 பாகையே போதுமான அறையை 18இல் வைத்துப் போர்வைக்குள் படுப்பது தேவை அல்ல.

ஏசியைக் கழற்றும் நேரத்திலும் இதே பொறுப்பு உண்டு. கம்ப்ரசர் ஓடுமானால், திரவக் குழாயின் வால்வை மூடிச் சிறிது நேரம் ஓட்டி, கேஸ் வெளி யூனிட்டுக்குள் சேர்ந்ததும் மற்ற வால்வை மூட வேண்டும். ஓடாவிட்டால், கேஸை இழுத்துச் சிலிண்டரில் அடைக்கும் மீட்பு இயந்திரத்தோடு வரும் திருத்துநரை அழைக்க வேண்டும். மூட்டை நேரே தளர்த்திக் கேஸைக் காற்றில் விடுவது சில நிமிட வேலைதான். அதனால்தான் அது இன்னும் நடக்கிறது.