மேளம் கட்டுதல்

தஞ்சாவூரிலிருந்து கோவிலம்பாக்கத்துக்கு எங்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்த பழைய வீணை, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஈரக்காற்றையும் சித்திரை வெயிலையும் மாறி மாறி அனுபவித்து, மெழுகு இளகி மெட்டுகள் சரிந்து தந்திகள் துருவேறி ஊமையாய்க் கிடந்தபோது, அதைச் செப்பனிடுவதா, பாட்டியார் கைபட்டது பட்டபடியே கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுவதா என்று வீட்டில் எழுந்த விவாதம், யோசித்துப் பார்த்தால் ஒரு தத்துவ விசாரமே ஆகும். தந்திகளை மாற்றி, மெழுகைப் பெயர்த்தெடுத்து, புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டிய பின் இருப்பது அதே வீணைதானா?

வீணையின் நாதத்தில் மயங்கி, அந்த நாதத்தையே கொண்டுவரும்படி கட்டளையிட்டு, வீணையைச் சிம்பு சிம்பாகப் பிளந்து எரித்துச் சாம்பலைக் காற்றில் தூற்றியும் அதைக் காணாத ஓர் அரசனைப் பற்றிப் புத்தர் பெருமான் கூறியதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. மனிதனை ஆக்கும் ஐந்து கந்தங்களுள் எதிலும் 'நான்' என்பது அகப்படாது என்று உணர்த்த எழுந்த திருஷ்டாந்தம் அது. பகுதிகளில் நாதம் இல்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் பகுதிகளைச் சீர்செய்தால் நாதம் திரும்பி வருகிறதே, அதற்கு என்ன சமாதானம்?

நம் கோயில்களின் ஜீர்ணோத்தாரணத்தில் அதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் வைத்துப் பூஜித்துக்கொண்டே திருப்பணியை முடித்து, பீடத்தோடு மூர்த்தியைப் பிணைக்கும் பழைய அஷ்டபந்தன மருந்தை நீக்கி, கொம்பரக்கு, குங்கிலியம், கற்காவி, தேன்மெழுகு முதலிய எட்டுப் பொருள்களையும் இடித்துச் சேர்த்துப் புதிதாகச் சாத்துகிறார்கள். மருந்து மாறியதனால் தெய்வம் மாறிற்று என்று எவரும் சொல்வதில்லை.

வீணையிலும் அந்தத் தேன்மெழுகுதான், கரித்தூளோடு கலந்து, 24 மெட்டுகளையும் தாங்கி நிற்கிறது. போர்த்துக்கல் நாட்டுக் கிதாரில், ஆறு இணைகளாக ஓடும் 12 தந்திகளின் கீழ், உலோக மெட்டுகளை மரத்திலேயே அறைந்து பதித்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் ஆசாரியோ, பலாமரம் தலைமுறைகள் தாண்டி நிற்கும், மெழுகு நில்லாது என்று தெரிந்தே, பெயர்த்து மறுபடியும் கட்டுவதற்கு இசைவாக வீணையை அமைத்தார். வேதாந்திகள் நித்தியாநித்திய விவேகம் என்று போற்றுவது அவருடைய உளிக்கும் தெரிந்திருக்கிறது. ஆகையால் மெழுகை மாற்றுவது பழமைக்குச் செய்யும் துரோகமாகாது. மாற்ற மறுத்து வீணையை ஊமையாக்குவதே துரோகம். ஆனால் பளபளப்புக்காகக் குடத்தின் மரத்தை இழைத்து மெலியச் செய்வதை என்னால் ஏற்க முடியாது. மெழுகு போனால் மறுபடி வரும். நாதத்துக்கு ஆதாரமான அந்த மரம் போனால் வராது. பழையதைப் பேணுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

வீட்டில் வாசிப்பாரற்ற வீணை வைத்திருக்கும் அன்பர்கள், குடத்தில் கைவைக்க வேண்டாமென்று சொல்லி, தேர்ந்த ஆசாரி ஒருவரிடம் கொடுத்து மேளம் கட்டுவித்து, பெண்ணோ பிள்ளையோ யாரேனும் ஒருவரை நாள்தோறும் சிறிது நேரமாவது அதை வாசிக்கச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.