கைக்கெட்டும் வேட்டை

சம்பா அறுப்பு முடிந்து ஏரித் தண்ணீர் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஒரு மஸ்அலா தவறாமல் தலைதூக்கும். நாய் கவ்விக் கொண்டுவந்த கௌதாரியை உண்ணலாமா? கோலியனூரைச் சுற்றிலும் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. அறுத்த வயலின் தாளடியில் காடை மேயும். ஏரிப் புறம்போக்கில் மண்டிய வேலிக்காத்தான் புதரில் கௌதாரி பதுங்கும். கௌதாரி எளிதில் பறக்காது, ஓடும். நாய் நெருங்கினால் படபடவென்று எழும்பித் தாழப் பறந்து, சிறிது தூரத்திலேயே மறுபடி புதரில் விழும். மோப்பம் அறிந்த நாய்க்கு அது போதும்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். பழக்கிய வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ண அல்-மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் அல்லாஹ் தஆலா அனுமதி அளித்திருக்கிறான். அதன் நிபந்தனைகளை அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாயை ஏவும்போது பிஸ்மி சொல்ல வேண்டும். நாய் தனக்காகப் பிடித்துத் தின்றிருந்தால் அதை உண்ணக்கூடாது. வேறு நாய்கள் கூடச் சேர்ந்து, எது கொன்றது என்று தெரியாமற் போனாலும் கூடாது. அடிபட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால் அதையும் விட்டுவிட வேண்டும். ஏரிக்கரையில் வேட்டையாடுவோர் இந்தக் கடைசி நிபந்தனையை நினைப்பதே இல்லை.

இமாம்களிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. நாய் மூன்று முறை பிடித்தும் தின்னாமல் விட்டால்தான் அது பழகிய நாய் என்று ஹனபி மத்ஹபின் இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் கூறுவர். வேண்டுமென்றே பிஸ்மியை விட்டால் ஹனபிகளிடம் அது ஆகாது. ஷாபிஈகளிடம் பிஸ்மி சொல்வது சுன்னத்து. நாயின் பல் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல். நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு பட்டே உயிர் போன பறவை, இவ்விரு மத்ஹபுகளின் நூல்கள்படி கூடாது. உயிரோடு கையில் கிடைத்து அறுத்தால்தான் ஆகும். நம் பிள்ளைகளில் சிலர் பிஸ்மியை மறந்தாலும் செல்பேசியில் படம் எடுக்க மறப்பதில்லை!

பெரும்பாலோர் இத்துடன் திருப்தி அடைந்து எழுந்து போய்விடுகிறார்கள். கேள்வி இறைச்சியைப் பற்றியது. பதிலும் இறைச்சியைப் பற்றியது. ஆனால் வேட்டையாடிய மனிதனைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

அதே அல்-மாயிதா எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் வசனத்தின் முதற் கட்டளை உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது. அடுத்து ஆகுமான பிராணிகளைச் சொல்லி, உடனேயே இஹ்ராமில் இருக்கும்போது வேட்டை கூடாது என்று தடுக்கிறது. நாயைப் பற்றிய அனுமதி அதற்கும் பிறகு நான்காவது வசனத்தில்தான் வருகிறது. நாம் நான்காம் வசனத்திலிருந்து ஓதத் தொடங்குகிறோம்!

நம் நாட்டில் வேட்டை பற்றிய உடன்படிக்கை என்ன? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில பறவைகளை உரிமச்சீட்டு பெற்று வேட்டையாடும் வழி திறந்தே இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அடைத்துவிட்டது. கௌதாரியும் காடையும் நீர்க்கோழியும் அதன் காப்பில் அடங்கும். சட்டத்தை மீறிப் பிடித்த பிராணி அரசின் உடைமை என்றும் 39ஆம் பிரிவு கூறுகிறது. காட்டுப் பிராணிக்கு உரிமையாளர் கிடையாது, முதலில் கைப்பற்றியவனுக்கே அது சொந்தம் என்பது பிக்ஹு நூல்களின் பொதுச் சட்டம். உண்மைதான். ஆனால் ஊரார் அனைவரின் பொறுப்பில் விடப்பட்டு, நாட்டுச் சட்டம் வேலி கட்டிய ஒன்றை, உரிமையாளர் இல்லாத பொருள் என்று அதே பழைய கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா?

“அல்லாஹ்வின் பூமி, அல்லாஹ்வின் பறவை, அவன் ஹலாலாக்கியதைத் தடுக்க இவர்கள் யார்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், அது நேர்மையான கேள்வி. ஹலாலை ஹராம் என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் செய்தாலும் விட்டாலும் குற்றமில்லாத ஒரு முபாஹை, பொதுநன்மை கருதி ஓர் இடத்திலோ ஒரு காலத்திலோ நிறுத்திவைப்பது ஹராமாக்குவது ஆகாது. மதீனா மாநகரின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நகீஉ என்ற மேய்ச்சல் நிலத்தைப் பொதுப்பணிக்கான குதிரைகளுக்கென்று ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதா நிலத்தை அவ்வாறே காத்தார்கள். தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் கூட்டாளிகள் என்று அபூதாவூதில் வரும் நபிமொழியைப் பொது நிலத்தில் வேட்டையாடுவோர் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. கூட்டாளி என்றால் மற்றப் பங்காளிகளின் பங்கும் நம் கையில் இருக்கிறது என்றல்லவா பொருள்!

இனி, காலத்தைப் பற்றி. மாசி, பங்குனியில் வேட்டை எளிதாகிவிடுகிறது. குளங்கள் சுருங்கி, பறவைகள் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றிக் கூடுகின்றன. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, தென்னாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021ஆம் ஆண்டில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அப்பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து வந்த பறவைகள் திரும்பிச் செல்வதற்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் காலமும் இதுவே. கௌதாரி முட்டையிடத் தொடங்கும் காலமும் இதுதான்.

அல்-மாயிதாவின் 94ஆம் வசனம் நமக்கென்றே இறங்கியதோ என்று தோன்றும். முஃமின்களின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டையைக் கொண்டுவந்து, மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பான் என்பது அதன் கருத்து. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமுடன் இருந்த ஸஹாபாக்களின் கூடாரங்களுக்கு இடையே பறவைகளும் பிராணிகளும் வந்து நின்றன என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கை நீட்டினால் போதும். எவரும் நீட்டவில்லை. பனூ இஸ்ராயீல்களுக்கும் இதே சோதனை வந்தது. சனிக்கிழமையில் மட்டும் மீன்கள் தலைநீட்டி வந்தன. அவர்கள் தந்திரம் செய்து பிடித்தார்கள். நமக்கு இஹ்ராம் இல்லை என்பது சரி. ஆனால் எளிதாகக் கிடைப்பது அனுமதிக்கு அடையாளம் அல்ல என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சொல்லவில்லையா?

குஞ்சுகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பயணம் ஒன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதைத் தவிக்கவிட்டவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் இது இருக்கிறது. பங்குனியில் பிடிக்கும் பெட்டைக் கௌதாரியின் கூடு எந்தப் புதரில் இருக்கிறது என்று நாய்க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

திண்டிவனத்துக்கு வடக்கே வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து கொக்குகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் பிளேஸ் 1798ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. கௌல் என்பது வேறொன்றுமல்ல, அரபியின் ‘கவ்ல்’, கொடுத்த வாக்கு. முஸ்லிம்களல்லாத குடியானவர்கள் ஓர் அரபுச் சொல்லின் பேரால் 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

ஊருக்கு ஊர் உடன்படிக்கை மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 1880களில் சீனத்திலிருந்து கொண்டுபோய் அமெரிக்காவின் ஓரிகானில் விடப்பட்ட ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகையை, அங்கே பொது நிலத்திலேயே நாய்களோடு வேட்டையாடுகிறார்கள். உரிமச்சீட்டு, இத்தனை நாள், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சேவலை மட்டுமே சுடலாம். அங்குள்ள ஒரு முஸ்லிம் அந்த வரம்புக்குள் நின்று, பிஸ்மி சொல்லி நாயை ஏவி, உண்பதற்காகவே வேட்டையாடினால் அவரை நாம் குறை சொல்லமாட்டோம். அந்த நாயும் மோப்பமும் இங்கே கோலியனூர் ஏரிக்கரைக்கு வந்தால் சட்டம் வேறாகிவிடுகிறது.

வேட்டையே பிழைப்பாக இருந்த எளியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க நமக்கு மனமில்லை. பசியின் நிர்ப்பந்தத்துக்கு ஷரீஅத்தில் தனி வாசல் இருக்கிறது. நாம் பேசுவது, வீட்டில் அரிசியும் கடையில் கோழியும் இருக்க, பொழுதுபோக்காகப் புறப்படுவோரைப் பற்றி. வேட்டையைத் தொடர்ந்து அலைபவன் அலட்சியக்காரனாகிறான் என்று ஹதீஸில் வந்திருப்பது அவர்களுக்குப் பொருந்தும். ஃபஜ்ரு ஜமாஅத்தை விட்டுவிட்டு ஏரிக்குப் போகிறவர்கள் யார் யார் என்று அந்தந்த மஹல்லாவுக்குத் தெரியும்.

நாயை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. வேட்டை, மந்தை, விவசாயம் ஆகியவற்றுக்காக அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்பது பிரபலமான நபிமொழி. வேட்டைக்கு வழியில்லாத நாட்டில் வேட்டைக்கென்று நாய் வாங்குபவர், எந்தப் பெயரில் அதை வைத்திருக்கிறார் என்று யோசித்துக்கொள்ளட்டும். ஆட்டுக்கும் வயலுக்கும் காவலாக இருப்பின் தடையில்லை. அதற்கு வேளாவேளைக்குத் தீனி போடுவதும் கடமை.

தாய்மார்கள் கேட்கும் ஒன்று பாக்கி. அடுத்த வீட்டுக்காரர் அன்போடு இரண்டு கௌதாரியைக் கொடுத்தனுப்பினால் என்ன செய்வது? முகம் சுளிக்காமல், எங்கள் வீட்டில் இது வேண்டாம் என்று வைத்துவிட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். வெறும் கையோடு அல்ல, அன்றைக்கு ஆக்கிய கறியில் ஒரு கிண்ணம் சேர்த்து. பிள்ளைகள் காடை கேட்டு அழுதால், பண்ணையில் வளர்த்த ஜப்பான் காடை கடைகளில் கிடைக்கிறது. உயிரோடு வாங்கி, பிஸ்மி சொல்லி அறுத்துச் சமையுங்கள்.