உயரமும் உயர்வும்

மானிட உடலைத் திருத்தும் ஆற்றல் பெருகப் பெருக, எது குறை என்னும் வினாவும் சிக்கலாகின்றது. இரண்டாம் உலகப்போரின் பின், சோவியத் நாட்டின் குர்கான் நகரில் வைத்தியர் இலிசரோவ், சிதைந்த கால்களைச் சீராக்க ஒரு முறையை வகுத்தார். என்பை வெட்டி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் விலக்கிவர, இடைவெளியிற் புது என்பு வளரும். இன்று அதே முறை, நலமான கால்களை அழகுக்காக நீட்டவும் பயன்படுகின்றது.

கொட்டாஞ்சேனைக் கலியாணப் பேச்சுக்களிலும் சாதகத்தோடு உயரமும் கேட்கப்படுகின்றது. அதனால் மனம் நொந்த இளைஞன் ஒருவன் கடல்கடந்து சென்று 5 சென்ரிமீற்றர் உயரம் பெற விழைந்தால், நீட்டலுக்கே 50 நாட்கள் வேண்டும். என்பு இறுக மேலும் பல மாதங்கள் செல்லும். ஊன்றுகோலும் பிறர் கையுமின்றி நகரவியலாத அக்காலத்தில், முன்பு இயல்பாயிருந்த நடையே அவனது பெருவிருப்பமாகிவிடும்.

தன் உடல் தன் உரிமை என்பர், அது மறுக்கற்பாலதன்று. சீன அரசு 2006இல் அழகுக்கான இச்சத்திரசிகிச்சையைத் தடைசெய்தது. தடை கத்தியைத் தடுக்குமேயன்றி ஏக்கத்தைத் தடுக்காது. மேலும், உயரம் என்பது ஒப்பீடு. எல்லோரும் ஓரங்குலம் வளரினும், குட்டையர் எனப்படுவோர் இருந்தே தீருவர். முறிந்த காலின் குறை காலில் உள்ளது. இவனது குறையோ காண்போர் கண்ணில் உள்ளது. அங்கு செய்யவேண்டிய சிகிச்சையை இவனது என்பின்மீது செய்தல் அறமாகுமா? அவனைப் பழிப்பதற்கு முன், அளவுகோல் ஏந்தி நிற்கும் சமுதாயம் தன்னையே அளந்து பார்த்தல் வேண்டும்.