வெறுமை வீடுபேறு ஆகுமா?

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் பத்தாவதை, உயிரைக் கட்டும் அழுக்காகிய பாசம் நீங்குவதற்கும் பதினொன்றாவதைச் சிவத்தை அடைவதற்கும் வைத்தார். அழுக்குப் போனாலே உயிர் விடுதலை பெற்றதாகாதா, பிறகெதற்கு இன்னொரு சூத்திரம்? சாத்திரம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை இது. கோபத்தை விட்டேன், குடியை விட்டேன், ஆசையை விட்டேன் என்று, விட்டவற்றை எண்ணியே தன் பக்தியை அளக்கும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டியது. விடுவது பாதி வேலைதான் என்பது என் துணிபு. அதை விளக்க, அதே வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டியின் ரேடியேட்டரை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கூலன்ட்டை மாற்றுவது வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அடியில் உள்ள ட்ரெயின் பிளக்கைக் கழற்றினால் துருநிறத்தில் கூலன்ட் இறங்கும். அது நஞ்சு, தெருவில் விடாமல் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். ஒழுகுவது நின்றதும் எல்லாம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இன்ஜின் பிளாக்கினுள் ஒரு பங்கு தங்கியே இருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி இறக்க வேண்டும். வரும் நீர் தெளியும்வரை இதுவே வேலை. தெளிந்ததும் முடிந்ததா? காலியாகவே வண்டியை எடுத்தால் சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்து இன்ஜினே கெட்டுவிடும். உப்புள்ள போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படிவு படிந்து துருவும் திரும்பப் பிடிக்கும். துருவைத் தடுக்கும் சேர்மானமுள்ள கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றையும் போக்கிய பிறகே வண்டி சுமை தாங்கும்.

இரும்புக்கும் உயிருக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். இரும்புக்கு அறிவில்லை என்பது உண்மை. ஆனால் அறிவுள்ள உயிரும் தனித்து நிற்காது, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. அப்படியானால் பாசத்தை விட்டும் சிவத்தைச் சாராத உயிர் மறுபடி பாசத்தைத்தான் சாரும். முத்தியில் உயிர் கல்லைப் போல் கிடக்கும் என்ற பாடாணவாதத்தை 1313இல் சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் மறுத்ததும் இந்த அடிப்படையோடு பொருந்துகிறது. இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு: நிரப்பிக்கொள்ள விரும்புவதும் ஓர் ஆசைதானே? வேட்கை அவிவதையே பௌத்தம் விடுதலை என்கிறது. ஆனால் வேட்கை அவிந்த புத்தர் அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தார் என்று அந்த மரபே சொல்கிறது. வேட்கை போன இடத்தில் கருணை நிறைந்திருந்தது. வேட்கை தனக்கென்று சேர்க்கும். அன்பு தன்னையே கொடுக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது சரியாகாது.

இன்ஜின் தன் பிளக்கைத் தானே திறந்துகொள்வதில்லை. உயிரும் தன் முயற்சியால் மட்டும் பாசத்தை நீக்கிவிட முடியாது, அருள் வேண்டும் என்கிறது சைவம். சுந்தரர் வரலாறு இதற்குச் சான்று. புத்தூரில் நடக்கவிருந்த அவரது திருமணத்தை, அவர் தன் அடிமை என்று ஓலை காட்டித் தடுத்த முதியவராக வந்த சிவன், அவரைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு அழைத்துவந்து வழக்கில் வென்றார். அதோடு விட்டிருந்தால் சுந்தரர் மணம் இழந்த ஓர் இளைஞர், அவ்வளவே. தடுத்த கையோடு தன்னைப் பாடவும் பணித்ததால்தான் அந்த இழப்பு பேறாயிற்று. மெய்கண்டாரும் பதினொன்றோடு நிறுத்தவில்லை. சிவத்தை அடைந்தவரும் அடியார் கூட்டத்தையும் திருக்கோயில் வழிபாட்டையும் விடக்கூடாது என்பது பன்னிரண்டாவது. நிரம்பியதும் குறையாமல் காக்கப்பட வேண்டும். ஆகவே, குடியை விடு, சாதிப் பெருமையை விடு என்று பிறருக்குச் சொல்லும் நமக்கு ஒரு கடமை உண்டு. விட்டு வருபவரை உட்காரவைக்க ஓர் இடமும், செய்ய ஒரு தொண்டும், பேச ஒரு கூட்டமும் நாம் தர வேண்டும். அதைத் தராமல் விடச் சொல்வது உபதேசமாகாது. ஒருவரை வெறுமையில் தள்ளிவிட்டு, அவர் விழுந்தபின் பழிப்பதாகவே முடியும்.