உண்மை சொன்னதும் குற்றமாகுமா?

1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘சோங் ஒவ் பேர்ணதேத்’ என்ற படத்தைப் பார்த்தவர்கள் அதில் வரும் லூர்து நகர் வைத்தியர் டோசுவை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேடத்தில் நடித்தவர் லீ ஜே. கொப். நியூயோர்க்கில் யூதக் குடும்பமொன்றில் 1911இல் பிறந்தவர். (அப்படத்தின் மூலக்கதையை எழுதிய பிரான்ஸ் வெர்பலும் யூதரே. நாசிகளுக்குத் தப்பியோடும் வழியில் லூர்தில் தஞ்சமடைந்து, உயிர் பிழைத்தால் பேர்ணதேத்தின் கதையை எழுதுவதாக நேர்ந்துகொண்டவர் அவர்.)

கொப் கதாநாயகனுக்குரிய தோற்றம் உடையவரல்லர். குணசித்திர வேடங்களே அவருக்குக் கிடைத்தன. எனினும் 1949இல் ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ நியூயோர்க்கில் மேடையேறியபோது, நாற்பது வயதும் நிரம்பாத அவர் முதிய விற்பனையாளர் வில்லி லோமனாகவே மாறினார் என்று புகழப்பட்டார்.

அதன்பின் வந்ததுதான் சோதனை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக்குழுவொன்று கம்யூனிஸ்டுகளைத் தேடிக் கலையுலகத்தைத் துருவிக்கொண்டிருந்தது. முன்பு கட்சியில் இருந்த ஒருவர் தாம் விலகிவிட்டதாகச் சொன்னால் போதாது. கூட இருந்தவர்களின் பெயர்களையும் சொல்லவேண்டும். மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. 1951இல் கொப்பின் பெயர் அடிபட்டது. இரண்டு ஆண்டுகள் அவர் பணியவில்லை. தொழில் போயிற்று, கடன் கொடுப்பாரில்லை, மனைவி நோயுற்று மருத்துவ நிலையத்தில், பிள்ளைகளையோ வளர்த்தாகவேண்டும். 1953இல் அவர் வாய் திறந்தார். இருபது பேரின் பெயர்களைச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லையே, பிறகென்ன பாவம் என்று சிலர் கேட்கக்கூடும். எட்டாம் கட்டளையை விளக்கும் நம் ஒழுக்கவியலாளர் இரண்டு குற்றங்களை வேறுபடுத்துகின்றனர். ஒருவர்மீது இல்லாததைச் சொல்வது அவதூறு. உள்ளதையே தக்க காரணமின்றி வெளிப்படுத்தி அவருடைய நற்பெயரைக் கெடுப்பதும் குற்றமே. அந்த இருபது பேர் எவரையும் கொல்லவில்லை, கொள்ளையடிக்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு கட்சியோடு தொடர்புற்றிருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே சொன்னது உண்மையாயினும் செய்தது காட்டிக்கொடுத்தலே.

1954இல் வந்த ‘ஒன் த வோட்டர்புரொன்ட்’ படம் இதே கேள்வியை வேறு விதமாக எழுப்பியது. துறைமுகத் தொழிலாளரைச் சுரண்டிக் கொலையும் செய்விக்கும் சங்கத் தலைவனுக்கு எதிராக ஓர் இளைஞன் சாட்சி சொல்கிறான். அவனைத் தூண்டி நிற்பவர் ஒரு குருவானவர். ஜோன் கொரிடன் என்ற இயேசு சபைக் குருவை மாதிரியாகக் கொண்ட பாத்திரம். கொப்புக்குக் கிடைத்ததோ அந்தக் கொடிய தலைவனின் வேடம். இயக்குநர் எலியா கசான், கதாசிரியர் பட் சுல்பேர்க், கொப் மூவருமே விசாரணைக்குழுவிடம் பெயர் சொன்னவர்கள். படம் அவர்களுக்கான நியாயம் என்று பலர் வாதித்தனர். அந்த நியாயம் எமக்குப் பொருந்தவில்லை. கொலைகாரனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது வேறு. பழைய தோழனின் பிழைப்பைப் பறிப்பது வேறு.

ஆனால் கொப்மீது கல்லெறிய எமது கை எழவில்லை. அச்சமும் நெருக்குதலும் செயலின் தன்மையை மாற்றுவதில்லை. செய்தவனின் பொறுப்பைக் குறைக்கின்றன. மில்லர் 1956இல் அதே குழுவின்முன் பெயர் சொல்ல மறுத்தார். 1957இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுதலையானார். அது பெருந்துணிவு. ஆயினும் எழுத்தாளனுக்குப் பேனாவும் தாளும் போதும். நடிகனுக்கு மேடை வேண்டும். அதைத் திறந்துவிடுவது பிறர் கையில்.

இதில் பெருங்குற்றவாளிகள் கேள்வி கேட்டவர்களே. அப்பெயர்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தகவல் அல்ல, மண்டியிடும் ஒரு மனிதன். கட்டிய மனைவியின் நோயையும் பிள்ளைகளின் பசியையும் சாட்டையாக்கி ஒருவனின் மனச்சாட்சியை வளைப்பதைச் சட்டம் அனுமதிக்கலாம், ஒழுக்கம் அனுமதிக்காது. கொப்பைப் பழித்தவர்களுள் எத்தனை பேர் இக்கேள்விகாரரை அதே கடுமையோடு பழித்தார்கள்?

1955இல் கொப்புக்கு மாரடைப்பு வந்தது. அதிகப் பழக்கமில்லாத பாடகர் பிராங்க் சினாட்ராவே செலவைத் தாங்கி உதவினார். குணமடைந்து 1976 வரை வாழ்ந்து நடித்தார் கொப். 1957இல் வந்த ‘டுவெல்வ் அங்கிரி மென்’ படத்தில் அவர் ஒரு ஜூரர். இளைஞன் ஒருவனைக் குற்றவாளி என்று கடைசிவரை பிடிவாதமாக நிற்கிறார். ஈற்றில் தம் மகனின் புகைப்படத்தைக் கிழித்தெறிந்து உடைந்து அழுகிறார். மற்றவர்கள் வெளியேறுகிறார்கள். முழு நேரமும் அவரை எதிர்த்து வாதாடிய மனிதர் மட்டும் பின்தங்கி, அவருடைய மேலங்கியை எடுத்துவந்து அணிவித்துவிடுகிறார்.